கிளி மூக்கில் ஓர் ஆணி

"ராஜபாளையத்துக்கு எதற்காகப் போகிறீர்கள்?" என்று யாராவது கேட்டால், நாய்க்குட்டி வாங்க என்று சொல்லலாம், மாம்பழம் வாங்க என்று சொல்லலாம், மலையடிவாரத்தில் அய்யனார் அருவி பார்க்க என்றும் சொல்லலாம். நான் "கதவு வாங்கப் போகிறேன்" என்று சொன்னேன். எதிர் ஆசனத்தில் இருந்த அம்மாள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"ஏன், சென்னையிலே கதவே கிடைக்கவில்லையா?" என்றாள்.

நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் என் மாமியார் வீட்டு உத்தரத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வத்திராயிருப்புப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு பழைய வீடு இருந்தது. பாகப் பிரிவினையில் மனை மைத்துனருக்குப் போயிற்று, வீட்டை இடித்தார்கள். எங்கள் பங்குக்கு வந்த பொருள்களில் ஒன்று கூடத்து உத்தரம். முற்றின தேக்கு, மூன்று தலைமுறை கண்டது. மரம் அறுக்கும் மில்லில் கொடுத்துப் பலகையாக அறுத்து வைத்திருந்தோம். இப்போது என் பெண் தாம்பரத்தில் வீடு கட்டுகிறாள். "அம்மா, பாட்டி வீட்டுத் தேக்கில்தான் என் வாசல் கதவு. அதில் ஆண்டாள் கையில் இருக்கிற கிளி இருக்க வேண்டும்" என்று ஒற்றைக் காலில் நின்றாள். தை மாதம் கிரகப்பிரவேசம். மரமோ ஒன்றே ஒன்று. கெட்டுப் போனால் கடையில் வாங்க முடியாது!

பொதிகை எக்ஸ்பிரஸில் இரவு ஏறிப் படுத்தால், விழித்துப் பார்க்கும்போது சிவகாசி கடந்து போயிருக்கும். அப்புறம் ஸ்ரீவில்லிபுத்தூர். அதற்கு அடுத்த பெரிய ஊர் ராஜபாளையம். இரண்டுக்கும் நடுவே பன்னிரண்டு கிலோமீட்டர்கூட இராது. மேற்கே பார்த்தால் மலைத் தொடர் கூடவே ஓடி வருகிறது. 2021-ல் இந்த மலைகளைத்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலைப் புலிகள் காப்பகம் என்று அறிவித்தார்கள். புலி எங்கள் கண்ணில் படவில்லை. படாதது பற்றி எங்கள் வீட்டுக்காரருக்கு ஆறுதல். எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

ராஜபாளையம் பஞ்சு ஊர். 1936-ல் பி.ஏ.ஸி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸை ஸ்தாபித்த நாளிலிருந்து, இந்த ஊருக்குக் காலை என்பது சங்கு ஊதிப் பிறக்கும் விஷயமாகிவிட்டது. பக்கத்துச் சத்திரப்பட்டியில் காயத்துக்குக் கட்டும் பாண்டேஜ் துணி நெய்கிறார்கள். நம் வீட்டுப் பையன் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தால், நாம் சுற்றும் துணி இங்கே பிறந்ததாக இருக்கலாம். சென்னை ராஜதானியின் முதன் மந்திரியாக 1949 முதல் 1952 வரை இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜாவின் ஊரும் இதுவே. அவர் தம் வீட்டையே தானமாகக் கொடுத்து உண்டாக்கிய காந்தி கலை மன்றம் இன்றும் இருக்கிறது. போகிறவர்கள் ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள்.

மில் இருக்கும் ஊரில் லேத் பட்டறை இருக்கும். ஓயாமல் சுற்றும் இயந்திரத்தில் ஏதாவது ஒன்று தேய்ந்துகொண்டே இருக்கும் அல்லவா? நாங்கள் போன பட்டறையும் ஒரு காலத்தில் மில் உதிரி பாகங்கள் கடைந்த இடம்தான். இப்போது அங்கே மரக்கதவு செதுக்கும் சி.என்.சி. இயந்திரம் ஒன்று வந்திருக்கிறது. எட்டடிக்கு நாலடி மேஜை. அதன் மேல் குறுக்கே ஒரு பாலம். பாலத்திலிருந்து தொங்கும் ஒரு மோட்டார். மோட்டார் நுனியில் பென்சில் அளவுக்கு ஓர் உளி. அதைப் 'பிட்' என்கிறார்கள். நிமிஷத்துக்குப் பதினெட்டாயிரம் சுற்றுச் சுற்றுமாம்.

அதை ஓட்டுகிற பிள்ளைக்கு இருபத்தைந்து வயதிருக்கும். அவனுடைய தாத்தா ஸ்ரீவில்லிபுத்தூரில் பேர்பெற்ற மரச்சிற்ப ஆசாரி. எங்கள் வீட்டு நிலைப்படியில் இருந்த தாமரை அவர் கைவேலை. கதவையும் அவரிடம்தான் கேட்டோம். "கை நடுங்குது தாயி. படம் போட்டுத் தாரேன், பேரன் மிசின்ல போட்டுத் தருவான்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

"வாங்கம்மா, வாங்க சார்" என்று வரவேற்ற பேரன், கம்ப்யூட்டர் திரையில் கிளியைக் காட்டினான். பச்சை நிறத்தில் மேடு பள்ளத்தோடு அழகாக இருந்தது.

"முதல்ல தாத்தா படத்தை அப்படியே ஸ்கேன் பண்ணிப் போட்டேம்மா. வெளுப்பா இருக்கிற இடம் மேடு, கறுப்பா இருக்கிற இடம் பள்ளம்னு மிசின் எடுத்துக்கிடும். மாதிரிக்கு ஒண்ணு வேப்பம் பலகைல வெட்டிக்கொண்டுபோய்க் காட்டினேன். 'என்னடா இது, தோசைல கிளி வரைஞ்ச மாதிரி இருக்கு'ன்னுட்டாரு."

அப்புறம் பதினைந்து நாள் தாத்தாவும் பேரனும் உட்கார்ந்து, எங்கே சிறகு சிறகின் மேல் ஏறுகிறது, எங்கே கழுத்து உருள்கிறது, எங்கே மூக்கு முன்னால் வருகிறது என்று ஒவ்வொன்றாக உயர்த்தித் தாழ்த்தினார்களாம். படத்தில் இல்லாதது கிழவரின் விரலில் இருந்தது. அதைக் கேட்டுக் கேட்டுத்தான் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டியிருந்தது.

"இயந்திரம் தானே செதுக்கிவிடும், பொத்தானை அமுக்கினால் போதும்" என்று நானும்தான் நினைத்திருந்தேன். நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். அன்று இரண்டு மணி நேரம் அங்கே உட்கார்ந்த பிறகு அந்த எண்ணம் போய்விட்டது.

வாசலில் நீங்கள் சிக்குக் கோலம் போடுவது உண்டா? புள்ளி வைத்துக்கொண்டு, கையை எடுக்காமல், எந்தப் புள்ளியைச் சுற்றி எந்தப் பக்கம் வளைவது என்று மனத்தில் ஒரு வழி போட்டுக்கொள்கிறீர்கள் அல்லவா? இயந்திரத்துக்கும் அப்படி ஒரு வழி வேண்டும். அதற்குப் பெயர் டூல் பாத். அதாவது உளி போகும் பாதை. கோலத்தில் புள்ளிகள், இங்கே எண்கள். இத்தனை மில்லிமீட்டர் வலது பக்கம், இத்தனை மேலே, இத்தனை ஆழம் என்று வரி வரியாக எழுதியிருக்கிறது. 'ஜி-சைபர்' என்று வரி ஆரம்பித்தால் வெட்டாமல் விரைவாகப் போ என்று அர்த்தம். 'ஜி-ஒன்று' என்றால் சொன்ன வேகத்தில் வெட்டிக்கொண்டே போ. எங்கள் கிளிக்கு இப்படி லக்ஷக் கணக்கான வரிகள்! கோலத்தில் ஒரு புள்ளி தப்பினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். இரும்பு வெட்டும் பட்டறைகளில் உள்ள சில இயந்திரங்களில், பத்து என்று எழுதிப் பின்னால் தசமப் புள்ளி வைக்க மறந்தால், அது பத்து மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொள்ளாதாம். அதில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் நகருமாம். புள்ளி என்றால் எங்கும் புள்ளிதான்.

இந்த வித்தை பிறந்த கதையும் கேட்கத் தக்கது. அமெரிக்காவில் ஜான் பார்ஸன்ஸ் என்பவர் ஹெலிகாப்டர் இறக்கைகள் செய்துகொண்டிருந்தார். அவற்றின் வளைவைக் கையால் ஒழுங்காக வெட்டுவது பெரும்பாடு. எண்களைக் கொண்டே இயந்திரத்தை நடத்தினால் என்ன என்று அவருக்குத் தோன்றிற்று. மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் அந்த யோசனையை வளர்த்து, 1952-ல் துளையிட்ட காகித நாடாவைப் படித்து உலோகத்தை வெட்டும் இயந்திரத்தை உலகத்துக்குக் காட்டினார்கள். அதற்கு ஆணையிடுவதற்கென்றே ஒரு தனி பாஷை உண்டாக்கி, 1959-ல் பத்திரிகைக்காரர்களை அழைத்தபோது, அந்த முறையில் வெட்டிய அலுமினிய சாம்பல் கிண்ணத்தை நினைவுப் பரிசாகக் கொடுத்தார்கள்.

"இத்தனை பெரிய மூளையைக் கசக்கிக் கடைசியில் சிகரெட் சாம்பல் கிண்ணமா?" என்றேன்.

"நீ கிளி வெட்டச் சொல்லலையா?" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

நம் பக்கத்தில் கோயம்புத்தூரில், நூற்பு இயந்திரங்கள் செய்வதற்காக 1962-ல் தொடங்கிய லக்ஷ்மி மெஷின் ஒர்க்ஸ் பிற்பாடு சி.என்.சி. இயந்திரங்களும் செய்யலாயிற்று. பஞ்சாலையும் எண் படிக்கும் உளியும் நம் நாட்டில் ஒரே கூரையின் கீழ் வளர்ந்தவை என்றுகூடச் சொல்லலாம்.

சரி, வேலைக்கு வருவோம். பலகையை மேஜையில் வைத்து நாலு மூலையிலும் பிடிப்புப் போட்டான் அந்தப் பிள்ளை. இரண்டடி நீளம், முக்கால் அடி அகலம். கதவின் மேல் பாதியில் பதியப் போகிற பலகை. "பிடிப்பு இங்கே இருக்குன்னு மிசினுக்குத் தெரியாதும்மா. நாமதான் அந்தப் பக்கம் போகாம பாதை போடணும். இல்லேன்னா இரும்பு மேலயே போய் ஏறிடும்" என்றான்.

அடுத்தது ஆரம்ப இடம் காட்டுவது. எங்கிருந்து அளப்பது என்று சொல்லாவிட்டால் எத்தனை எண் எழுதி என்ன பிரயோஜனம்? பலகையின் ஒரு மூலையைச் சைபர் என்று காட்டினான். ஆழத்துக்குச் சைபர் காட்ட அவன் செய்ததுதான் வேடிக்கை. பலகையின் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து, உளியை மெல்ல மெல்ல இறக்கி, காகிதத்தை இழுத்து இழுத்துப் பார்த்தான். காகிதம் இலேசாகக் கடிபட்டதும் நிறுத்தினான். லக்ஷம் ரூபாய்க் கணக்கில் விலை கொடுத்து வாங்கிய இயந்திரத்துக்குக் கடைசி அளவுகோல் ஒரு காகிதத் துண்டும் ஒரு மனிதனுடைய விரலும்!

பிறகு ஓர் ஒத்திகை. மோட்டாரைச் சுற்றவிடாமல், பலகைக்கு இரண்டு அங்குலம் மேலே வெறுங் காற்றில் ஓட்டிப் பார்த்தான். உளி எங்கெங்கே போகிறது, பிடிப்பில் இடிக்கிறதா என்று பார்ப்பதற்காக. கச்சேரிக்கு முன்னால் வாயசைத்துப் பாடிப் பார்க்கிற பாகவதர் மாதிரி இருந்தது.

"எத்தனை நேரம் ஆகும் தம்பி?"

"முதல்ல ஆறு மில்லிமீட்டர் பிட்டுப் போட்டு வேண்டாத மரத்தைக் கழிக்கணும். அது ஒரு மணி நேரம். பெறகு நுனி ஒரு மில்லிமீட்டர் உள்ள பிட்டு. அதுதாம்மா நேரம் பிடிக்கும்."

அவன் சொன்ன கணக்கை உங்களுக்கும் சொல்கிறேன். கூடத்தை மெழுகும்போது ஒரு வீச்சுக்கும் அடுத்த வீச்சுக்கும் நடுவே இடைவெளி விழாமல் மெழுகுகிறோம் அல்லவா? அதுபோல நுண்ணிய உளி, மரத்தின் நார் போகும் திக்கில் கீழிருந்து மேல், மேலிருந்து கீழ் என்று போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தடவையும் கால் மில்லிமீட்டர் தள்ளும். முக்கால் அடி அகலத்துக்குத் தொள்ளாயிரம் தடவை. ஒரு தடவைக்கு இரண்டடி. மொத்தம் அரைக் கிலோமீட்டருக்கு மேல் நடை! நிமிஷத்துக்கு மூன்று மீட்டர் வேகத்தில் போனாலும் மூன்று மணி நேரம். இடைவெளியை அரை மில்லிமீட்டர் ஆக்கினால் பாதி நேரத்தில் முடியும். ஆனால் கிளியின் உடம்பெல்லாம் உழுத வயல் மாதிரி வரி விழும். பிறகு உப்புத்தாள் வைத்துத் தேய்த்துத் தேய்த்துச் சிறகெல்லாம் மழுங்கிப் போகும்.

"வேகமாப் போனா பிட்டு ஒடியும். மெதுவாப் போனா மரம் கருகும். எங்க ஊர்ல பால்கோவா கிண்டுற மாதிரிதாம்மா. கரண்டி ஒரே இடத்துல நின்னா அடிப்பிடிச்சிடும்" என்றான். இதை எந்த இஞ்சினீயரிங் புஸ்தகமும் எனக்கு இத்தனை தெளிவாகச் சொல்லியிருக்காது.

பலகையின் நடுவில், கிளியின் முகம் வரவேண்டிய இடத்துக்குப் பக்கத்தில், கறுப்பாக ஒரு பொட்டு இருந்தது. "கணுவா தம்பி?" என்று கேட்டேன். "கணுவாத்தான் இருக்கும்மா. சின்னதுதான், வெட்டுல போயிடும்" என்றான். அவன் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மோட்டார் ஊளையிட ஆரம்பித்தது. தேக்கின் வாசனை பட்டறை முழுவதும் பரவிற்று. மூன்று தலைமுறையாக உள்ளே அடைத்து வைத்திருந்த வாசனை! சிறகு தெரிந்தது, வால் தெரிந்தது. அரை மணி ஆகியிருக்கும். திடீரென்று 'டக்' என்று ஒரு சப்தம். ஒரு பொறி பறந்தது. மரச் சில்லு ஒன்று தெறித்து எங்கள் வீட்டுக்காரரின் மூக்குக் கண்ணாடியில் பட்டது.

பிறகு நடந்ததுதான் என் மனத்தை விட்டு அகலவில்லை. இயந்திரம் நிற்கவே இல்லை! உளி ஒடிந்து விழுந்துவிட்டது. ஆனால் அது பாட்டுக்கு வளைந்து, நிமிர்ந்து, தாழ்ந்து, காற்றைச் செதுக்கிக்கொண்டே போயிற்று. தனக்கு ஒன்றுமே நேரவில்லை என்கிற மாதிரி. உளி போய்விட்டது என்று அதற்கு யார் சொன்னார்கள்? அந்தப் பிள்ளை பாய்ந்து போய்ச் சிவப்புப் பொத்தானை அடித்தான்.

பலகையைக் கிட்டே போய்ப் பார்த்தோம். கறுப்புப் பொட்டு இருந்த இடத்தில் இரும்பு மின்னிற்று. ஆணி! தலை என்றோ துருப்பிடித்து உதிர்ந்துபோய், உடல் மட்டும் மரத்துக்குள் புதைந்திருந்த பழைய ஆணி. அதில் மோதித் துள்ளிய உளி, கிளியின் மூக்கு வரவேண்டிய மரத்தை அப்படியே பெயர்த்துக்கொண்டு போயிருந்தது.

அந்தப் பிள்ளையின் முகம் செத்துவிட்டது. எனக்குத் தொண்டையை அடைத்தது. வேறு பலகை எடுக்கலாமா என்றால், இந்த அகலத்துக்குக் குற்றமில்லாத பலகை இது ஒன்றுதான். "தாத்தாகிட்ட நான் எப்படிம்மா சொல்லுவேன்?" என்றான். "நாங்கள் போய்ச் சொல்கிறோம்" என்று கிளம்பினோம்.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ்ஸில் அரை மணி. ஊர் வருவதற்கு முன்னாலேயே கோபுரம் வந்துவிடும். பதினொரு நிலை, ஏறத்தாழ 190 அடி உயரம். தமிழ்நாட்டு அரசாங்க முத்திரையில் இருப்பது இந்தக் கோபுரம்தான் என்று ஊரார் பெருமையோடு சொல்லிக்கொள்கிறார்கள். வடபத்ரசாயி சந்நிதிக்கு உரிய கோபுரம் அது. பக்கத்திலேயே ஆண்டாள் கோயில். இரண்டுக்கும் நடுவே, பெரியாழ்வார் குழந்தையைக் கண்டெடுத்த துளசி வனம்.

ஆண்டாளின் இடது கையில் கிளி இருக்கிறது. அது கல்லும் அல்ல, பொன்னும் அல்ல. தினந்தோறும் புதிதாக இலையாலும் பூவாலும் செய்கிற கிளி. மரவள்ளி இலையால் உடம்பு; மாதுளம்பூவால் மூக்கு. பரம்பரையாகச் செய்து வருகிறவர்களுக்கும் ஒரு கிளி முடிக்க நாலைந்து மணி நேரம் ஆகுமாம். மறுநாள் அந்தக் கிளி யாரோ ஒரு பக்தர் கைக்குப் போகும். ஆண்டாளுக்கு வேறு கிளி வந்துவிடும். நேற்றுச் செய்த கிளியைப் பற்றி அந்தக் கைகள் கவலைப்படுவதில்லை. எனக்கோ ஒரே ஒரு கிளி, அதற்கும் மூக்கில்லை. அம்மனிடம் வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

வெளியே தேரடிக்கு வந்தோம். ஆடிப்பூரத்தன்று ஊரே கூடி இழுக்கும் பெருந்தேர். அடிப்பாகம் முழுவதும் மரச் சிற்பங்கள். அவற்றில் ஒரு மூலை கூட உருண்டையாக இல்லை. உள் மூலைகள் அத்தனையும் கத்தி போலக் கூர்மை. காலையில் அந்தப் பிள்ளை சொன்னது நினைவுக்கு வந்தது: சுற்றுகிற உளி உருண்டையானது; ஆகையால் உள் மூலையில் அது எப்போதும் வளைவுதான் விட்டுவைக்கும். அறையின் மூலையில் துடைப்பம் எட்டாத இடம் இருக்கிறதே, அதுபோல. அங்கே கை உளிதான் போகவேண்டும்.

ஆசாரித் தாத்தாவின் வீடு அங்கிருந்து ஐந்து நிமிஷ நடை. திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கோபித்துக்கொள்ளவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தப் பொட்டு வெறுங் கறுப்பா தாயி, இல்லே நீலம் பாரிச்ச கறுப்பா?"

யோசித்துப் பார்த்தேன். "மசி கொட்டின மாதிரி, கொஞ்சம் நீலமாக…"

"அப்பம் அது கணு இல்லே. கணு செவந்து பழுப்பா இருக்கும். தேக்குல இரும்பு கெடந்து நனைஞ்சா மசி மாதிரி கறுக்கும். பழைய வீட்டு மரம்னா மொதல்ல காந்தத்தை வச்சுத் தடவணும். பயலுக்கு அதைச் சொல்லாம விட்டது நான்தான்." பிறகு என்னைப் பார்த்தார். "உத்தரத்துல பக்கவாட்டுல ஆணி அடிச்சிருக்கே, என்னத்தைத் தொங்கவிட்டீக?"

"ஒன்றும் இல்லையே" என்று சொல்ல வாயெடுத்தேன். அப்படியே நின்றுவிட்டேன்.

தூளி! என் பெண் பிறந்த வருஷம், பிரசவத்துக்குப் பின் மூன்று மாதம் அந்த வீட்டில் இருந்தேன். உத்தரத்தில் கயிறு போட்டுப் புடவைத் தூளி கட்டினோம். ஆட்ட ஆட்டக் கயிறு நழுவிக்கொண்டே போகிறது என்று மாமியார் ஓர் ஆணியை எடுத்து, என்னை ஸ்டூலைப் பிடித்துக்கொள்ளச் சொல்லித் தம் கையால் அடித்தார். பிடித்துக்கொண்டு நின்றவளே நான்தான்! யாருடைய வாசலுக்கு இந்தக் கதவோ, அவள் தூங்கிய தூளிக்காக அடித்த ஆணி அது.

இப்போது சொல்லுங்கள், அந்தப் பிள்ளையை எப்படிக் குற்றம் சொல்வது? இயந்திரத்துக்கு அவன் சொன்னதுதான் தெரியும். அவனுக்குத் தாத்தா சொன்னதுதான் தெரியும். தாத்தாவுக்கு நாங்கள் சொன்னதுதான் தெரியும். ஆணி இருக்கும் இடம் தெரிந்த ஒருத்தி உலகத்தில் இருந்தாள். அவள் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை தாத்தாவை அழைத்துக்கொண்டு ராஜபாளையம் போனோம். பலகையைக் கையால் தடவிப் பார்த்தார். ஆணியைப் பிடுங்கியாயிற்று, காந்தம் வைத்து மீதி மரத்தையும் பார்த்தாயிற்று. இனி என்ன செய்வது?

பேரன் இரண்டு வழி சொன்னான். ஒன்று, சைபரை ஐந்து மில்லிமீட்டர் கீழே இறக்கிக் கிளி முழுவதையும் ஆழத்தில் வெட்டுவது. "பலகை மெலிஞ்சு போகும்டா. வாசக் கதவு அது" என்றார் தாத்தா. இரண்டாவது, கிளியைப் பக்கத்தில் நகர்த்துவது. ஏற்கெனவே வெட்டின சிறகை என்ன செய்வது? அதுவும் இல்லை.

தாத்தா சிரித்தார். "ஆண்டாள் கையில இருக்கிற கிளிக்கு ஒடம்பு இலை, மூக்கு பூ. ஒடம்பு வேற, மூக்கு வேற. நம்ம கிளிக்கு மட்டும் என்ன? வேற மரத்துல மூக்கு வைப்போம்" என்றார். பையிலிருந்து ஒரு துண்டு எடுத்தார். பூவரசு வைரம், செம்பழுப்பு நிறம். வரும்போதே முடிவு செய்துகொண்டுதான் வந்திருக்கிறார்!

அதோடு இன்னொன்றும் சொன்னார். பலகையில் மரத்தின் நார் மேலும் கீழுமாக ஓடுகிறது. கிளியின் மூக்கோ குறுக்கே வளைந்து நிற்கிறது. நாருக்குக் குறுக்கே நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய நுனி என்றைக்காவது ஒரு நாள் கை பட்டு ஒடிந்துதான் தீரும். தனித் துண்டாக வைத்தால் நார் மூக்கின் வழியே ஓடும்படி வைக்கலாம், ஒடியாது. "ஆணி இல்லாட்டியும் ஒங்க பேரப்பிள்ளைக ஒடிச்சிருக்கும் தாயி" என்றார். கம்ப்யூட்டர் படத்தில் மேடு பள்ளம் இருந்ததே தவிர, நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது இல்லை.

குழி வெட்ட வேண்டியது உளியும் கொட்டாப்புளியும் கொண்டு. தாத்தாவுக்குக் கை நடுங்குகிறது. ஆகவே பேரன் உளியைப் பிடித்தான். தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். "சாய்ச்சுப் பிடி… இம்புட்டுச் சாய்க்காதே… நாரை எதிர்க்காம வா… ஒரு அடி, போதும்… திருப்பு." ஒரு மணி நேரம் இப்படி. நடுவில் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "மிசினுக்கு ஒருக்கச் சொன்னாப் போதும். இந்தப் பயலுக்குப் பத்துத் தடவை சொல்லணும்!" என்றார். பேரன், "மிசின் உங்ககிட்டத் திருப்பிக் கேள்வி கேக்காது தாத்தா" என்றான். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

பசை வைத்துத் துண்டைப் பதித்து இறுக்கி, அன்று முழுவதும் காய விட்டோம். மூன்றாம் நாள் புது உளி மாட்டினார்கள். மறுபடியும் காகிதத் துண்டு, மறுபடியும் சைபர். இந்தத் தடவை பேரன் நாலு முறை சரி பார்த்தான். பழைய வெட்டுக்கும் புது வெட்டுக்கும் கால் மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தாலும் கிளியின் மார்பில் குறுக்கே ஒரு படி விழுந்துவிடுமாம். விழவில்லை. கழிக்கிற வேலை முடிந்து, நுண்ணிய உளி தன் அரைக் கிலோமீட்டர் நடையைத் தொடங்கிற்று. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. சிவந்த மூக்கோடு கிளி எழுந்து வந்தது. மூக்கின் கீழே இருந்த உள் மூலையை மட்டும் பேரன் கை உளியால் கூர்மை செய்தான். அதையும் தாத்தா சொல்லச் சொல்லத்தான்.

தை மாதம் கிரகப்பிரவேசம் நன்றாக நடந்தது. வந்தவர்கள் எல்லாரும் கதவைப் பார்த்து, "மூக்குக்கு வேறு மரம் வைக்கவேண்டும் என்று யாருக்குத் தோன்றியது? எத்தனை அழகு!" என்றார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு விருந்தாளிகள் போன பிறகு, ஒடிந்த ஆணியை என் பெண் கையில் கொடுத்துக் கதையைச் சொன்னேன். அவள் அதைப் பூஜை அலமாரியில் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள்.

நீங்கள் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனால் பால்கோவா வாங்காமல் வரமாட்டீர்கள். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம் அது. கோபுரத்தையும் தேரையும் கிளியையும் பாருங்கள். பழைய வீட்டு மரத்தைக் கதவு செதுக்கக் கொடுப்பதாக இருந்தால், கூலியைப் பேசி முடித்ததும் ஐந்து நிமிஷம் கண்ணை மூடி உட்கார்ந்து, அந்த மரத்தில் எப்போது, எதற்காக, எங்கே ஆணி அடித்தீர்கள் என்று யோசித்துச் சொல்லிவிடுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களையும் கேளுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.